செடிகள் வளரும் நன்னீர் மீன்தொட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள அளவுகள் எல்லாம் 60 × 30 × 36 செ.மீ. தொட்டியை வைத்துச் சொல்லப்பட்டவை. உங்கள் தொட்டி பெரிதோ சிறிதோ, அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: முதல் இரண்டு மூன்று மாதம் இந்தத் தொட்டி செடிகளுக்காக ஓடட்டும். செடி நன்றாகப் பிடித்துவிட்டால் மீன் வளர்ப்பதில் பாதி வேலை தானாகக் குறைந்துவிடும்.

முதல் தொட்டி எவ்வளவு பெரியதாக இருக்க வேண்டும்?

மேலே சொன்ன 60 செ.மீ. தொட்டியைத்தான் பரிந்துரைக்கிறோம். நீளம், அகலம், உயரம் மூன்றையும் செ.மீ.இல் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கணக்கு வரும்; இதற்கு 64.8. ஆனால் தண்ணீர் விளிம்பிலிருந்து மூன்று செ.மீ. கீழேதான் நிற்கும். மண்ணும் கல்லும் மரமும் தம் பங்குக்கு இடம் பிடிக்கும். கடைசியில் உள்ளே நிற்பது 50 லிட்டர்தான். உரமோ மருந்தோ அளக்கும்போது இந்த 50-ஐ வைத்துத்தான் கணக்குப் போட வேண்டும். 65 என்று போட்டால் ஒவ்வொரு முறையும் முப்பது சதவீதம் கூடுதலாக ஊற்றுவீர்கள்.

10, 15 லிட்டர் தொட்டி சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். அனுபவம் உள்ளவர்களுக்கே அது கடினம். செடிக்குப் பின்னால் ஒரு மீன் செத்துக் கிடந்தால் போதும், மறுநாளே தண்ணீர் கெட்டுவிடும். வெப்பமும் வேகமாக ஏறி இறங்கும். அதே சமயம் உயரம் 45 செ.மீ.ஐத் தாண்டவும் வேண்டாம். அடியில் நட்ட செடிக்குப் போதிய வெளிச்சம் போகாது, கையும் எட்டாது.

எங்கே வைப்பது?

நேர் வெயில் படாத இடத்தில். தண்ணீர், மண், கல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 80 கிலோ வரும். புத்தக அலமாரியோ மடக்கு மேசையோ தாங்காது. தண்ணீர் ஊற்றும் முன் ரசமட்டம் வைத்து நான்கு பக்கமும் பாருங்கள். சரிவு இருந்தால் கண்ணாடி ஒட்டிய இடத்தில் அழுத்தம் ஏறி, மாதங்கள் கழித்துக்கூடக் கசியலாம். அடியில் சட்டம் இல்லாத தொட்டி என்றால் 10 மி.மீ. ஃபோம் ஷீட் விரித்து அதன்மேல் வையுங்கள்.

மின் ஒயர்கள் நேராகப் பிளக்கிற்குப் போகக் கூடாது. பிளக்கிற்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கி, பிறகு மேலேறிப் போகட்டும். ஒயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். கையைத் தண்ணீருக்குள் விடும் முன் ஃபில்டர், ஹீட்டர் இரண்டையும் அணைத்துவிடுங்கள்.

அடியில் எந்த மண் போடுவது? எவ்வளவு?

முன்பக்கம் 4 செ.மீ., பின்பக்கம் 8 செ.மீ. என்று சரிவாகப் போட்டால் சராசரி 6 செ.மீ. வரும். 60 × 30 × 6 ÷ 1000, அதாவது 11 லிட்டர் அடிமண். சரளைக்கல் என்றால் அது சுமார் 17 கிலோ.

மூன்று வழிகள் உண்டு. முதலாவது, 2–3 மி.மீ. சாதாரணச் சரளை. இதில் சத்து கிடையாது, ஆனால் தண்ணீரையும் மாற்றாது, பல வருடம் உழைக்கும். கழுவிய தண்ணீர் தெளிவாக வரும்வரை அலசுங்கள். வேர் வழியாகச் சத்தெடுக்கும் செடிகளுக்கு அடியில் வேர் மாத்திரையைப் புதைத்துவிட்டால் போதும். செலவைப் பார்த்தாலும் நிம்மதியைப் பார்த்தாலும் முதல் தொட்டிக்கு இதுவே நல்லது என்பது எங்கள் கருத்து.

இரண்டாவது, அக்வா சாயில் எனப்படும் சுட்ட மண் உருண்டைகள். செடி இதில் வேகமாகப் பிடிக்கும். பிஎச் (தண்ணீரின் அமிலத்தன்மையைக் காட்டும் எண்), கேஎச் (தண்ணீரில் உள்ள கார்பனேட்டின் அளவு) இரண்டையும் இறக்கும். இதைக் கழுவக் கூடாது, உருண்டை உடைந்து சேறாகிவிடும். முதல் சில வாரம் இதிலிருந்து அம்மோனியா கசியும். அந்த நாட்களில் மீன் விட்டால் பிழைக்காது. மிகவும் கடினமான தண்ணீரில் போட்டால் பிஎச் இறக்கும் சக்தி சீக்கிரம் தீர்ந்துபோகும், போட்ட காசும் வீண்.

மூன்றாவது, 2–3 செ.மீ. தோட்ட மண்ணைப் பரப்பி அதை 3 செ.மீ. மணலால் மூடுவது. நன்றாக வேலை செய்யும் முறைதான். ஆனால் மண்ணில் எரு கலந்திருந்தால் அம்மோனியா கட்டுக்கடங்காமல் போகும். செடியைப் பிடுங்கி இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் தொட்டி கலங்கும். அடிக்கடி அலங்காரத்தை மாற்ற நினைப்பவர்களுக்கு இது ஒத்துவராது.

பவளத் துண்டும் சிப்பித் தூளும் எந்த முறையிலும் வேண்டாம். கரைந்துகொண்டே இருந்து தண்ணீரின் கடினத்தை ஏற்றும்.

கல், மரக்கட்டை வைக்கலாமா?

வைக்கலாம். கல்லைத் துடைத்து உலர்ந்தபின் சில சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு இருக்கிறது, அதுவும் தண்ணீரின் கடினத்தை ஏற்றும். மரக்கட்டையை ஓரிரு வாரம் ஊறவைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தால் மூழ்கும், சாயமும் குறையும். அதன் பிறகும் தேநீர் நிறம் வந்தால் அது கட்டையிலிருந்து கசியும் டானின் என்ற சாயம். மீனுக்குக் கெடுதல் இல்லை. புதுக் கட்டையில் வெள்ளையாக வழுவழுப்புப் படிந்தால் பயப்படாதீர்கள், சில வாரத்தில் போய்விடும். கனமான கல்லை மண்ணின் மேல் வைக்காமல், மண் போடும் முன்பே அடிக்கண்ணாடியில் ஒரு துண்டு பிளாஸ்டிக் வலை விரித்து அதன்மேல் நிறுத்துங்கள்.

குழாய்த் தண்ணீரை அப்படியே ஊற்றலாமா?

இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று குளோரின். வாளியில் 24 மணி நேரம் திறந்து வைத்தால் குளோரின் போய்விடும். ஏர் ஸ்டோன் போட்டால் இன்னும் சீக்கிரம். ஆனால் சில ஊர்களில் குளோரினுக்குப் பதில் குளோரமின் சேர்க்கிறார்கள். அது திறந்து வைத்தால் போகாது, குளோரின் நீக்கி மருந்துதான் வேண்டும். அந்த மருந்திலும் சோடியம் தயோசல்ஃபேட் மட்டும் இருந்தால் குளோரின் நீங்கி அம்மோனியா மிஞ்சும். அம்மோனியாவையும் கட்டும் வகையா என்று லேபிளைப் பாருங்கள்.

இரண்டாவது கடினத்தன்மை. ஜிஎச் என்பது கால்சியம், மக்னீசியத்தின் அளவு. கேஎச் என்பது கார்பனேட்டின் அளவு. இவற்றில் ஒரு டிகிரி என்றால் 17.8 பிபிஎம், அதாவது லிட்டருக்கு 17.8 மி.கி. ஜிஎச் 4 முதல் 10, கேஎச் 2 முதல் 6 வரை இருந்தால் பெரும்பாலான செடிகள் ஒழுங்காக வளரும். நிலத்தடித் தண்ணீரில் இது 15, 20 என்று இருப்பது சகஜம். அப்படியானால் ஆர்ஓ தண்ணீரைச் சரிபாதி கலந்தால் அளவும் பாதியாகும். ஆர்ஓ தண்ணீரை மட்டும் ஊற்றாதீர்கள். அதில் கால்சியமும் இல்லை, மக்னீசியமும் இல்லை. புது இலை சுருண்டு வரும், இறாலுக்கு ஓடு கழற்றுவது கஷ்டமாகும். கேஎச் இல்லாத தண்ணீரில் பிஎச் திடீரென்று விழும் ஆபத்தும் உண்டு.

பிஎச் இறக்க எலுமிச்சைச் சாறு, அமிலம் என்று எதையும் ஊற்ற வேண்டாம். கேஎச் இருக்கும்வரை பிஎச் பழைய இடத்துக்கே திரும்பிவிடும். இடையில் அல்லல்படுவது மீன்தான்.

என்ன ஃபில்டர்? ஹீட்டர் வேண்டுமா?

மணிக்குத் தொட்டியின் அளவைப் போல 5 மடங்கு தண்ணீர் இறைக்கும் ஃபில்டர், அதாவது 250–300 லிட்டர். அட்டையில் எழுதியிருக்கும் வேகம் ஸ்பான்ஜ் அடைபடாத நிலையில் உள்ளது என்பதால் கொஞ்சம் கூடவே வாங்கலாம். ஏர் பம்பில் ஓடும் ஸ்பான்ஜ் ஃபில்டர் மலிவு, குட்டிகளையும் இறாலையும் உறிஞ்சாது. ஆனால் நீங்கள் செலுத்தும் கார்பன் டை ஆக்சைடையெல்லாம் அதன் குமிழிகள் வெளியேற்றிவிடும்.

தண்ணீர் 24–26 டிகிரி செல்சியஸில் இருந்தால் நல்லது. குளிரும் இடத்தில் லிட்டருக்கு ஒரு வாட் ஹீட்டர். வெயில் காலத்தில் 30-ஐத் தாண்டினால் தண்ணீர்ப் பரப்பின் மேல் சின்ன மின்விசிறி ஒன்றைத் திருப்பிவிடுங்கள். ஆவியாதலால் 2–3 டிகிரி இறங்கும். ஆவியான அளவுக்கு ஆர்ஓ தண்ணீரை ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தால் உப்பு சேர்ந்துகொண்டே போகும்.

எவ்வளவு வெளிச்சம் தேவை?

தொட்டியில் எல்லாவற்றின் வேகத்தையும் தீர்மானிப்பது வெளிச்சம். வெளிச்சம் கூடினால் செடிக்குக் கார்பனும் சத்தும் கூடுதலாகத் தேவைப்படும். அது கிடைக்காதபோது செடி நின்றுவிடும், பாசி முந்திக்கொள்ளும். புதுத் தொட்டிகள் பாசியில் வீணாவதற்கு முதல் காரணம் அளவுக்கு மீறிய விளக்குதான். "இன்னும் பிரகாசமான எல்இடி வாங்கட்டுமா?" என்று கேட்பவர்களில் பெரும்பாலோருக்கு நாங்கள் சொல்லும் பதில்: இருப்பதைக் குறையுங்கள்.

கார்பன் டை ஆக்சைடு செலுத்தாத தொட்டிக்கு லிட்டருக்கு 20 லூமென் (விளக்கு தரும் வெளிச்சத்தின் அளவு) போதும், 50 லிட்டருக்கு 1000. செலுத்தினால் 40 வரை போகலாம். "லிட்டருக்கு இத்தனை வாட்" என்ற பழைய கணக்கு டியூப் லைட் காலத்தது, எல்இடிக்குப் பொருந்தாது. நிறம் 6500 கெல்வின் என்றால் செடிக்கும் நல்லது, கண்ணுக்கும் இயல்பாக இருக்கும்.

டைமர் இல்லாமல் தொடங்காதீர்கள். முதல் நான்கு வாரம் தினமும் 6 மணி நேரம். பிறகு வாரத்துக்கு அரை மணி நேரம் என்று ஏற்றி 8-இல் நிறுத்திவிடுங்கள். பாசி தலைகாட்டினால் மறுபடி 6-க்கு இறக்குங்கள்.

கார்பன் டை ஆக்சைடு கட்டாயமா?

இல்லை. அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன், கிரிப்டோகோரைன், ஜாவா மாஸ், வாலிஸ்னேரியா போன்றவை இல்லாமலேயே நன்றாக வளரும், மெதுவாக. புல்தரை மாதிரி முன்பக்கம் முழுக்கப் படரும் செடிகளும் சிவப்புத் தண்டுச் செடிகளும் வேண்டுமென்றால் வாயு தேவை.

வைப்பதாக இருந்தால் சிலிண்டர், சோலனாய்டு வால்வு (மின்சாரத்தால் திறந்து மூடும் வால்வு) உள்ள ரெகுலேட்டர், நீடில் வால்வு, குமிழி எண்ணி, செக் வால்வு, வாயுவை நுண்குமிழிகளாக்கும் டிஃப்யூஸர் என்று முழுமையாக வையுங்கள். செக் வால்வு இல்லாவிட்டால் சிலிண்டர் தீர்ந்ததும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே ரெகுலேட்டருக்குள் இறங்கிவிடும். சிலிண்டரை எப்போதும் செங்குத்தாக நிறுத்துங்கள். சர்க்கரையும் ஈஸ்ட்டும் போட்ட பாட்டிலும் வாயு தரும். ஆனால் இரவில் நிறுத்த முடியாது, அளவும் நாளுக்கு நாள் மாறும். அந்த ஏற்ற இறக்கம்தான் கரும்பாசிக்கு மிகப் பிடித்த சூழல்.

இலக்கு 30 பிபிஎம். வினாடிக்கு ஒரு குமிழியில் தொடங்கி டிராப் செக்கரைப் (வாயு அளவை நிறத்தால் காட்டும், தொட்டிக்குள் தொங்கும் சிறு கண்ணாடிக் குமிழ்) பார்த்து ஏற்றுங்கள். நீலம் என்றால் குறைவு, பச்சை என்றால் சரி, மஞ்சள் என்றால் மீனுக்கு ஆபத்து. டிராப் செக்கருக்குள் தொட்டித் தண்ணீரை ஊற்றுவது பலர் செய்யும் தவறு. கேஎச் 4 டிகிரி உள்ள அளவுக் கரைசலைத்தான் ஊற்ற வேண்டும், இல்லையேல் நிறத்துக்கு அர்த்தமே இல்லை. அது காட்டும் நிறமும் ஓரிரு மணி நேரத்துக்கு முந்திய நிலையைத்தான் சொல்லும். பச்சையைக் கண்டதும் அவசரப்பட்டு மேலும் ஏற்றாதீர்கள்.

இன்னொரு சோதனை: ஒரு டம்ளர் தொட்டித் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து பிஎச் பாருங்கள். வாயு ஓடும்போது தொட்டியில் பிஎச் அதைவிட 1 குறைவாக இருந்தால் ஏறக்குறைய சரியான அளவில் இருக்கிறீர்கள்.

விளக்கு எரிவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு வாயுவைத் திறந்து, விளக்கு அணைவதற்கு ஒரு மணி நேரம் முன்பு மூடும்படி டைமர் வையுங்கள்.

திரவ கார்பன் என்று விற்பது பெரும்பாலும் குளூட்டரால்டிஹைடு. கொஞ்சம் பாசியைக் கொல்லும். வாயுவுக்கு ஈடாகாது. வாலிஸ்னேரியாவும் மாஸ்களும் அதில் கரைந்துபோகலாம்.

எந்தெந்தச் செடிகள், எத்தனை?

முதல் நாளே தரையில் முக்கால் பங்கை நிரப்புங்கள். இரண்டு மூன்று செடி நட்டுவிட்டு மற்றதைப் பிறகு வாங்கலாம் என்று காத்திருந்தால், மிச்சமாகும் சத்தையெல்லாம் பாசி எடுத்துக்கொள்ளும். வேகமாக வளர்பவை பாதிக்கு மேல் இருக்கட்டும்: ஹைக்ரோஃபைலா, லிம்னோஃபைலா, வாலிஸ்னேரியா, ஹார்ன்வோர்ட், மேலே மிதக்கும் சால்வினியா. இவை அம்மோனியாவை நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். தொட்டி நிலைபெற்றபின் வேண்டாதவற்றை எடுத்துவிட்டு உங்களுக்குப் பிடித்ததை நடலாம். மிதக்கும் செடி பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டவிடாதீர்கள்.

எப்படி நடுவது?

மண்ணை நன்றாக நனைத்து, அதன்மேல் ஒரு செ.மீ. தண்ணீர் மட்டும் நிற்கும்போது நடுவது சுலபம். கம்பளி போன்ற ராக்வூல் இருந்தால் முழுவதும் எடுத்துவிடுங்கள். தண்டுச் செடிகளின் அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, 2 செ.மீ. இடைவெளியில் ஒவ்வொரு தண்டாக நீளமான இடுக்கியால் சாய்வாகச் செருகுங்கள். கட்டாக நட்டால் நடுவில் உள்ளது அழுகும். வேர்ச்செடிகளின் வேரை 3–4 செ.மீ. விட்டு நறுக்கி, குருத்து மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுங்கள். நட்டுக்கொண்டிருக்கும்போது இலைகளுக்கு அவ்வப்போது தண்ணீர் தெளியுங்கள். சில நிமிடத்திலேயே காய்ந்துவிடும்.

அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும் வேறு. அவற்றின் கிடைத்தண்டைப் புதைத்தால் அழுகிவிடும். கல்லிலோ கட்டையிலோ பருத்தி நூலால் கட்டுங்கள், அல்லது சூப்பர் குளூ ஜெல் இரண்டு சொட்டு வைத்து ஒட்டுங்கள்.

முடிந்ததும் ஒரு பிளாஸ்டிக் தாளை விரித்து அதன்மேல் மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். நேராக ஊற்றினால் நட்டதெல்லாம் மிதக்கும்.

நத்தை முட்டையும் பாசியும் வேண்டாம் என்றால் நடும் முன், ஒரு பங்கு வீட்டு பிளீச்சிங் திரவத்துக்கு 19 பங்கு தண்ணீர் கலந்து 90 வினாடி முக்கி எடுத்து, குளோரின் நீக்கி கலந்த தண்ணீரில் நன்றாக அலசுங்கள். மாஸ், வாலிஸ்னேரியா போன்ற மென்மையானவற்றுக்கு இது கூடாது.

நட்ட இரண்டே வாரத்தில் இலைகள் கரைகின்றன. செடி செத்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. பண்ணைகளில் இந்தச் செடிகளை வேர் மட்டும் ஈரத்தில், இலை காற்றில் இருக்கும்படி வளர்க்கிறார்கள். காற்றில் வளர்ந்த இலை தண்ணீருக்குள் அதிக நாள் நிற்காது. அதைக் கைவிட்டு, மெல்லிய புது இலையைச் செடி விடும். கிரிப்டோகோரைன் இதில் மோசம். ஒரே வாரத்தில் மொத்தமும் கூழாகிவிடும். பிடுங்கி எறியாதீர்கள். கெட்ட இலைகளை நறுக்கிவிட்டு வேரை அப்படியே விடுங்கள், மூன்று நான்கு வாரத்தில் துளிர்க்கும். இடம் மாற்றினால் மறுபடி முதலிலிருந்து கரையத் தொடங்கும்.

மீன் எப்போது விடலாம்?

நாள் கணக்கு வேண்டாம். டெஸ்ட் கிட் சொல்லும்.

மீன் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகும். ஒருவகை பாக்டீரியா அதை நைட்ரைட்டாக்கும், இன்னொன்று நைட்ரேட்டாக்கும். முதல் இரண்டும் மீனைக் கொல்லும். நைட்ரேட் செடிக்கு உணவு. இந்த பாக்டீரியாக்கள் ஃபில்டரிலும் மண்ணிலும் குடியேற 3 முதல் 6 வாரம் பிடிக்கும்.

சரளை போட்ட தொட்டியில், வாசனையோ சோப்போ கலக்காத அம்மோனியாவை 2 பிபிஎம் வரும்வரை சேர்த்து, தீரத் தீர மறுபடி சேர்த்துக்கொண்டே வாருங்கள். அக்வா சாயிலில் அதுவே கசியும், சேர்க்கத் தேவையில்லை. 2 பிபிஎம் சேர்த்த 24 மணி நேரத்தில் அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யமாகி நைட்ரேட் மட்டும் தெரிந்தால் தொட்டி தயார். பாதித் தண்ணீரை மாற்றிவிட்டு மீன் வாங்கப் போகலாம்.

நடுவில் நின்றுபோனதாகத் தோன்றினால் கேஎச் பாருங்கள். பாக்டீரியா வேலை செய்யும்போது கேஎச்சைத் தின்றுகொண்டே போகும். அது தீர்ந்தால் வேலையும் நிற்கும். நைட்ரேட் மட்டும் தெரியவே இல்லையென்றால் சந்தேகம் டெஸ்ட் கிட் மேல். பல சொட்டு கிட்களில் நைட்ரேட்டின் இரண்டாவது பாட்டிலில் மருந்து அடியில் இறுகிவிடும். அரை நிமிடம் பலமாகக் குலுக்காவிட்டால் எப்போதும் பூஜ்யம்தான் காட்டும்.

அம்மோனியாவின் விஷம் பிஎச்சைப் பொறுத்தது. 25 டிகிரியில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் 0.6 சதவீதம் மட்டுமே விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8 என்றால் 5 சதவீதத்துக்கு மேல். கடினத் தண்ணீர்த் தொட்டிக்காரர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும்.

என்ன மீன்கள், எத்தனை?

உங்கள் தண்ணீருக்கு ஏற்ற மீனைத் தேர்ந்தெடுங்கள். மீனுக்காகத் தண்ணீரை மாற்றப் போனால் வாரம் தவறாமல் அல்லாட வேண்டும். மென்மையான தண்ணீர் என்றால் நியான் டெட்ரா, எம்பர் டெட்ரா, ஹார்லிகின் ராஸ்போரா. ஜிஎச் 12-க்கு மேல் என்றால் கப்பி, பிளாட்டி.

50 லிட்டருக்கு ஒரு நல்ல சேர்க்கை: எம்பர் டெட்ரா 10, பிக்மி கோரிடோராஸ் 6, ஹனி கௌராமி 1, செர்ரி இறால் 10. எல்லாவற்றையும் ஒரே நாளில் விடாமல், இரண்டு வார இடைவெளியில் கூட்டம் கூட்டமாக விடுங்கள். பாக்டீரியாவுக்கும் பெருக நேரம் வேண்டும். கூட்டமாக வாழும் மீனை இரண்டு மூன்று மட்டும் வாங்குவது அதற்குச் செய்யும் கொடுமை. ஆறுக்குக் குறையக் கூடாது. கப்பியில் ஆணும் பெண்ணும் சேர்த்து விட்டால் மாதத்துக்கு ஒருமுறை குட்டி வரும். இடமில்லை என்றால் ஆண் மட்டும் வையுங்கள்.

"இத்தனை அங்குல மீனுக்கு இத்தனை லிட்டர்" என்ற கணக்கை நம்பாதீர்கள். 10 செ.மீ. மீனின் எடை இரண்டு 5 செ.மீ. மீன்களின் எடை அல்ல. நீளம் இரட்டித்தால் எடை எட்டு மடங்காகும்.

வேண்டவே வேண்டாதவை: கோல்ட் ஃபிஷ் செடியைத் தின்று மண்ணைக் கிளறும். சக்கர் என்று விற்கப்படும் பிளெகோவும் சில்வர் ஷார்க்கும் 30 செ.மீ.க்கு மேலும் வளரும், கடையில் பார்ப்பது குஞ்சு. பாசி தின்னும் ஓட்டோசின்க்ளஸ் நல்ல மீன், ஆனால் புதுத் தொட்டியில் பட்டினியில் சாகும். மூன்று மாதம் கழித்து வாங்குங்கள்.

வாங்கி வந்த மீனை எப்படி விடுவது?

பையை 15–20 நிமிடம் மிதக்கவிட்டு, திறந்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அரை டம்ளர் தொட்டித் தண்ணீரைச் சேர்த்து, அரை மணியில் வலையால் மீனை மட்டும் எடுத்து விடுங்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் ஊற்றாதீர்கள்.

பல மணி நேரம் பயணித்த பை என்றால் முறை வேறு. மூடிய பையில் சேர்ந்த கார்பன் டை ஆக்சைடு பிஎச்சை இறக்கி வைத்திருக்கும். அதனால் உள்ளே சேர்ந்த அம்மோனியா விஷமில்லாத வடிவில் இருக்கும். பையைத் திறந்ததும் வாயு வெளியேறி பிஎச் ஏற, அதே அம்மோனியா விஷமாகிவிடும். வெப்பம் சமமானதும் திறந்து சட்டென்று விட்டுவிடுவதே நல்லது. இடமிருந்தால் புது மீனை மூன்று வாரம் தனித் தொட்டியில் வைத்துப் பாருங்கள்.

உரம் எப்படி, எவ்வளவு?

வாயு இல்லாத, மீன் நிறைந்த தொட்டிக்கு வாரம் ஒருமுறை ஒரு கலவைத் திரவ உரம் போதும். வாயு ஓடும் தொட்டியில் நைட்ரேட் 10–20, பாஸ்பேட் 1–2 பிபிஎம் என்று வைத்துக்கொள்ளுங்கள். தூளாக வாங்கினால் 50 லிட்டருக்கு வாரம் 0.8 கிராம் பொட்டாசியம் நைட்ரேட் 10 பிபிஎம் நைட்ரேட்டும் 6 பிபிஎம் பொட்டாசியமும் தரும். 0.1 கிராம் மோனோ பொட்டாசியம் பாஸ்பேட் 1.4 பிபிஎம் பாஸ்பேட் தரும். இதை மூன்று பங்காக்கி ஒன்றுவிட்டு ஒருநாள் போடலாம். இரும்பும் நுண்சத்தும் தனிப் பாட்டிலில், வேறு நாளில். பாஸ்பேட்டோடு கலந்தால் இரும்பு படிந்து வீணாகும்.

குறை எது என்று இலை சொல்லும். பழைய இலை முழுதாக மஞ்சளானால் நைட்ரஜன். பழைய இலையில் ஊசிக்குத்துப் போன்ற துளைகள் விழுந்து பெரிதானால் பொட்டாசியம். புதுக் குருத்து வெளிறி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்பு. நைட்ரஜனையும் பொட்டாசியத்தையும் பழைய இலையிலிருந்து எடுத்துப் புதியதற்கு அனுப்பச் செடியால் முடியும், இரும்பை முடியாது. அதனால்தான் இந்த வித்தியாசம். திருத்தத்தின் பலனைப் புது இலையில் பாருங்கள். கெட்ட இலை ஒருபோதும் மீளாது, நறுக்கிவிடுங்கள்.

பாசி வந்துவிட்டது. என்ன செய்வது?

முதலில் எந்தப் பாசி என்று பாருங்கள்.

பழுப்பு நிறத்தில் விரலால் துடைத்தால் போகும் படலம் டயாட்டம். புதுத் தொட்டியில் வந்தே தீரும், சில வாரத்தில் தானாகப் போகும். கண்ணாடியிலும் அனுபியாஸ் இலையிலும் கெட்டியான பச்சைப் புள்ளிகள் என்றால் பாஸ்பேட் குறைவு அல்லது வெளிச்சம் அதிகம். நூல் நூலாகப் பச்சைப் பாசி என்றால் பழைய பல் துலக்கியைச் சுழற்றிச் சுற்றி எடுத்துவிட்டு விளக்கைக் குறையுங்கள். தண்ணீரே பச்சையாகிவிட்டால் நான்கு நாள் தொட்டியைத் துணியால் முழுக்க மூடி, வாயுவை நிறுத்தி, காற்றுக் குமிழி மட்டும் ஓடவிடுங்கள். பிறகு பாதித் தண்ணீரை மாற்றுங்கள்.

இலை ஓரத்தில் கருப்பாகத் தாடி போல் முளைக்கும் கரும்பாசிதான் மிகவும் பிடிவாதமானது. செந்நிறப் பாசி வகையைச் சேர்ந்தது. பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு அளவு நிலையில்லாமல் இருப்பதும் அழுக்கு சேர்வதுமே காரணம். மோசமான இலைகளை வெட்டி எறியுங்கள். மிச்சத்துக்கு ஃபில்டரை அணைத்துவிட்டு 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடைச் சிரிஞ்சில் எடுத்து பாசியின் மேல் மெதுவாக விடுங்கள். 50 லிட்டருக்கு ஒருநாளில் 20 மி.லி.ஐத் தாண்ட வேண்டாம். பத்து நிமிடம் கழித்து ஃபில்டரைப் போடுங்கள். சில நாளில் பாசி இளஞ்சிவப்பாகி உதிரும். காரணத்தைச் சரிசெய்யாவிட்டால் ஒரு மாதத்தில் திரும்ப வரும்.

நீலப்பச்சையில் தோல் போல உரிந்து, துர்நாற்றம் வீசினால் அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. உறிஞ்சி எடுத்து, நீரோட்டத்தைக் கூட்டி, நைட்ரேட் பூஜ்யத்தில் கிடக்கிறதா என்று பாருங்கள்.

வாரா வாரம் என்ன வேலை?

கண்ணாடியைத் துடைப்பது, வாடிய இலைகளை எடுப்பது, வளர்ந்த தண்டுகளை நறுக்குவது, மூன்றில் ஒரு பங்கு தண்ணீரை மாற்றுவது. வாயுவும் உரமும் தாராளமாக ஓடும் தொட்டியில் பாதி. புதுத் தண்ணீரின் வெப்பம் 2 டிகிரிக்கு மேல் வேறுபடக் கூடாது. ஃபில்டர் ஸ்பான்ஜை மாதம் ஒருமுறை, வெளியே எடுத்த தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குழாயடியில் பளிச்சென்று கழுவினால் குளோரினில் பாக்டீரியா செத்து, மீண்டும் முதல் வாரத்து நிலைக்குப் போய்விடுவீர்கள்.

காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன.

இரவில் செடிகளும் ஆக்சிஜனைத்தான் எடுக்கும். வாயு இரவில் மூடவில்லையா, மேலே எண்ணெய்ப் படலம் கட்டியிருக்கிறதா என்று பாருங்கள். உடனே ஏர் ஸ்டோனைப் போட்டு பாதித் தண்ணீரை மாற்றுங்கள். பிறகு அம்மோனியா, நைட்ரைட் பாருங்கள். நைட்ரைட் ரத்தத்தைப் பாதிப்பதால் ஆக்சிஜன் இருந்தும் மீன் மூச்சுக்குத் தவிக்கும். நிரந்தரத் தீர்வாக, ஃபில்டரிலிருந்து வரும் தண்ணீர் பரப்பில் சிற்றலை எழுப்பும்படி திருப்பி வையுங்கள்.

மீன்மேல் உப்புத் தூவியதுபோல் வெள்ளைப் புள்ளிகள்.

இக் எனப்படும் ஒட்டுண்ணி. தோலில் ஒட்டியிருக்கும்போது மருந்து அதைத் தொடாது. தண்ணீரில் நீந்தும் பருவத்தில்தான் சாகும். அதனால் புள்ளி மறைந்தபிறகும் ஒரு வாரம் சிகிச்சை தொடர வேண்டும். செம்பு கலந்த மருந்து இறாலையும் நத்தையையும் கொன்றுவிடும். எல்லா மீன்களையும் தனித் தொட்டிக்கு மாற்றி அங்கே மருந்து கொடுங்கள். மீனே இல்லாத தொட்டியில் ஒட்டுண்ணி சில வாரத்துக்கு மேல் பிழைக்காது.

பத்து நாள் வெளியூர் போக வேண்டும்.

நன்றாக வளர்ந்த மீன்கள் ஒரு வாரம் பத்து நாள் தீனி இல்லாமல் தாங்கும். போகும் நாளுக்கு இரண்டு நாள் முன்பே தண்ணீர் மாற்றி, ஃபில்டர் சரியாக ஓடுகிறதா என்று பாருங்கள். கிளம்பும் அன்று எதையும் தொடாதீர்கள். விளக்கை 6 மணி நேரமாகக் குறைத்து, உரத்தை நிறுத்திவிடுங்கள். தெரிந்தவரிடம் தீனி டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போவதுதான் ஆபத்து; பாவம் என்று கைநிறையப் போட்டுவிடுவார்கள். கொடுத்தே ஆக வேண்டுமென்றால், மூன்று நாளுக்கு ஒருமுறை போடும் அளவை மட்டும் சிறு பொட்டலங்களாக மடித்துத் தேதி எழுதிக் கொடுங்கள். டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிடுங்கள்.